நாலு போத்தல் பெற்றோல்

கார் வாங்குவதென்று நான் முடிவெடுத்ததற்கு ஒரே காரணம் என் மனைவியின் தொய்வு வருத்தம். மாரி பிறந்தால் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். நெஞ்சு சீழ்க்கையடிக்கும், தோள் இரண்டும் ஏறி இறங்கும், இரண்டு சொல்லுக்கு மேல் வாய்க்கு வராது. வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி ஏழு மைல். அந்த நேரத்தில் வாடகைக் காரைத் தேடிக்கொண்டு சந்தி சந்தியாக ஓட எனக்கு மனமில்லை. ஒரு லிகிதருக்குக் கார் என்னத்துக்கு என்று கந்தோரில் கேட்டார்கள். "உங்களுக்கு மூச்சு வருது, அதாலை கேக்கிறியள்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எண்பத்து நான்காம் ஆண்டு இரண்டு கார்கள் விலைக்கு வந்தன. ஒன்று ஜப்பான் கார், பத்து வயதுகூட ஆகவில்லை. மற்றது என்னைவிடச் சில வயது மட்டுமே இளைய இங்கிலாந்துக் கார், ஏ ஃபோட்டி. பார்க்கப் போகும்போது மனைவியின் தமையனும் கூட வந்தார். அவர் எதை வாங்கினாலும் நாலு பேரைக் கேட்டு வாங்குகிறவர். நான் நாலு பேர் சொன்னால் அதற்கு எதிராக வாங்குகிறவன்.

"மச்சான், ஜப்பானை எடும். குலுக்கமில்லை, சத்தமில்லை. தங்கச்சிக்கு அதுதான் சுகம்" என்றார்.

"உது வெறும் தகரம். இதைப் பாரும், இரும்பு" என்று ஏ ஃபோட்டியின் மட்கார்டில் ஒரு குத்துவிட்டேன். கை நொந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நான் இரும்பை வாங்கினேன். இரண்டு கிழமையில் அவர் போய் அந்தத் தகரத்தை வாங்கினார். என் காரில் முதல் பயணம் கீரிமலைக்கு. கடற்காற்றுப் படுகிறதென்று அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஆறு வருடம் அந்தக் கார் அவளைக் காப்பாற்றியது என்றுதான் சொல்லவேண்டும். ஊரடங்கும் காவலரணும் விட்ட நாட்களில் இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியிருக்கிறேன்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்க, அரசாங்கம் தடை போட்டுப் பெற்றோல் வருவது நின்றது. பற்றறியும் இல்லை, உதிரிப்பாகங்களும் இல்லை. ஜப்பான் கார் மண்ணெண்ணெயில் ஓட மாட்டேனென்று நின்றுவிட்டது. மைத்துனர் அதை வீட்டுப் பின்கோடிக்குள் தள்ளிவிட்டு ஓலையால் மூடினார். என் காருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோலை விட்டு, முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பிவிட்டால் போதும். இயந்திரம் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம், பிறகு பேசாமல் போகும். ஊரில் ஓடிய கார்களெல்லாம் அப்படித்தான் ஓடின.

"எப்பிடி மச்சான், தகரம் சுகமாயிருக்கோ?" என்று மைத்துனரைக் காணும்போதெல்லாம் கேட்பேன்.

"ஓம், நல்ல நித்திரை" என்பார், பாவம், சிரித்துக்கொண்டு.

கிளினிக்குக்கு அவளை முதன்முதல் மண்ணெண்ணெயில் ஏற்றிக்கொண்டு போனேன். மானிப்பாய் தாண்டவில்லை, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. காருக்குள் வெள்ளைப் புகை, கண் எரிந்தது. இறக்கி, றோட்டோரத்தில் ஒரு வேலியடியில் இருத்தினேன். கார் நின்று பத்து நிமிடத்தில் அவளுக்கு மூச்சுத் திரும்பியது. வருத்தம் வந்தால் கொண்டுபோக வாங்கிய கார்தான் வருத்தத்தைக் கொடுத்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. காரை உதைத்தேன். வேறென்ன செய்ய?

"இஞ்சாருங்கோ, நான் நடந்து வாறன். நீங்கள் காரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குப் பகிடி.

அதற்குப் பிறகு ஆலோசனைக் காலம். சந்தியில் ஒரு கராஜ் இருந்தது. வேலையில்லாத கார்க்காரர் எல்லோரும் அங்கேதான் குந்தியிருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு என்ஜினியர். மண்ணெண்ணெய்க்குள் பூச்சி உருண்டை போடச் சொன்னார் ஒருவர். செப்புக் குழாயைப் புகைக்குழாயில் சுற்றி, எண்ணெயைச் சூடாக்கி அனுப்பச் சொன்னார் இன்னொருவர். தேங்காயெண்ணெய் கலந்தால் புகை கண்ணை எரிக்காது என்று மூன்றாமவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். புகையின் நிறம் மாறியது, வேறொன்றும் மாறவில்லை. கடைசியில் கராஜ்காரர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஐயா, உவையின்ரை கதையை விடுங்கோ. அம்மாவை ஏத்துறதெண்டால் முழுக்கப் பெற்றோலிலை ஓட்டுங்கோ. வேறை வழியில்லை."

பெற்றோல் அப்போது றோட்டோரத்தில் மைப்போத்தல் அளவில் விற்றது. கண்ட இடத்தில் கண்ட அளவு வாங்கினேன். சாராயப் போத்தல்களில் ஊற்றி, வாயைத் தக்கையால் அடைத்து, மெழுகுதிரி உருக்கி மூடி, கொட்டிலுக்குள் மணலில் புதைத்தேன். ஒன்றரை வருடத்தில் நாலு போத்தல் சேர்ந்தது. கலனுக்கு ஆறு போத்தல், கலனுக்கு முப்பது மைல், ஆக நாலு போத்தலுக்கு இருபது மைல். அவளுக்குப் புகையில்லாத இருபது மைல் என்னிடம் இருந்தது. அந்தக் கணக்கை மனதுக்குள் எத்தனை தரம் போட்டிருப்பேன்!

அதைத் தொடத்தான் எனக்குக் கை வரவில்லை. பெரிய முட்டு வரும், அன்றைக்கு வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு தரமும் இது பெரியதா சின்னதா என்று அளப்பேன். மூன்று சொல் சேர்ந்தாற்போல் பேசுகிறாளென்றால் சின்னது. குளிசையைக் கொடுப்பேன், கொதிநீரில் ஆவி பிடிக்க வைப்பேன், அதற்கும் சரிவராவிட்டால் போர்வையால் சுற்றிச் சைக்கிள் கரியரில் இருத்தி உழக்குவேன். ஏழு மைல், குண்டும் குழியுமான றோட்டில், ஒவ்வொரு குழியிலும் அவள் முனகுவது முதுகில் கேட்கும். அதே காரை அரிசி மூடையும் மண்ணெண்ணெய்க் கானும் ஏற்றவும், அயலவரின் சாமானைக் கொண்டுபோய் இறக்கவும் மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். இயந்திரம் பாவனையில் இல்லாவிட்டால் இறுகிவிடும் என்று கராஜில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மார்கழியில் மிகவும் கடுமையாக வந்தது. போத்தலைத் தோண்டியெடுத்து, மெழுகில் கத்தியை வைத்துவிட்டேன்.

"வேண்டாம்... வையுங்கோ... இது அவ்வளவில்லை" என்று கையால் மறித்தாள்.

நான் கத்தியைப் பிடித்தபடி நின்றேன். அரை மணித்தியாலத்தில் அவளுக்குக் கொஞ்சம் தணிந்தது. போத்தலைத் திரும்ப மணலுக்குள் வைத்தபோது, அப்பாடா, பெற்றோல் மிஞ்சியது என்று சந்தோஷப்பட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் போய்விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது, மழை வேறு. மழைக்குளிர் அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சில் ஏறியிருந்தது. விடிந்ததும் மைத்துனர் சைக்கிளோடு வந்து நின்றார். தன் பெண்சாதி பிள்ளைகளை முதல்நாளே தென்மராட்சியில் சாவகச்சேரிக்கு அனுப்பியிருந்தார்.

"மச்சான், தங்கச்சியைச் சைக்கிளிலை ஏத்தும். மாறி மாறி உழக்குவம். சனத்துக்குள்ளாலை பூந்து போயிடலாம்."

"விசரே உமக்கு? இந்த மழையிலை, இந்த முட்டோடை சைக்கிளோ? என்னட்டைக் கார் இருக்கு, நாலு போத்தல் பெற்றோல் இருக்கு. இஞ்சையிருந்து சாவகச்சேரி பதினெட்டு மைல். இண்டைக்கு எண்டுதானே வைச்சனான்!"

"றோட்டிலை சனம் நிக்குதாம்..."

"நிண்டால் நிக்கட்டும். என்ரை கார், என்ரை பெண்சாதி."

அவர் சைக்கிளைத் திருப்பி, கூடவே வருகிறேன் என்றார். நான் தாங்கியிலிருந்த மண்ணெண்ணெயைச் சொட்டில்லாமல் வடித்தேன். காபரேற்றரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். நாலு போத்தலின் மெழுகையும் உடைத்து ஊற்றினேன். ஹாண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினேன், பிடித்துக்கொண்டது. பின்னால் போய்ப் பார்த்தேன். புகை இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு என் கார் புகையில்லாமல் நின்றது. அவளைப் பின்சீற்றில் ஏற்றிக் கண்ணாடிகளை மூடினேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைத்துனரைப் பார்த்து, கண்டீரோ என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

பட்டினத்தை நெருங்கும்வரை சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் போனது. கண்டி வீதியில் ஏறினோம், அவ்வளவுதான். றோட்டு இருந்த இடத்தில் சனம் இருந்தது. தென்மராட்சிக்குப் போக நாவற்குழிப் பாலம் ஒன்றுதான் வழி, குடாநாட்டில் பாதி அதை நோக்கி நின்றது. மாட்டு வண்டில், உழவு இயந்திரம், கார், தலையில் மூட்டை. இரண்டு யார் நகர்ந்தால் கால் மணித்தியாலம் நிற்கவேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிக்க இயந்திரத்தை நிற்பாட்டினேன். நகரும்போது இறங்கி மழைக்குள் ஹாண்டில் போட்டேன். மூன்றாம் தரம் எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை. பின்னால் கூக்குரல். பக்கத்தில் நின்ற லொறிச் சாரதி தலையை நீட்டினார்.

"அண்ணை, கொயில் நனைஞ்சிட்டுது. துடைச்சுப்போட்டுக் கிளப்புங்கோ. பேந்து நிப்பாட்டாதேங்கோ, சும்மா ஓடவிடுங்கோ."

நல்ல ஆலோசனைதான். துடைத்தேன், கிளம்பியது. பிறகு நிற்பாட்டவில்லை. நகராமல் நின்றபடியே என் பெற்றோல் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து வருடமும் அதை மைலால் அளந்தவன் நான். நிற்கிற காருக்கு மணித்தியாலக் கணக்கு உண்டென்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இன்னொன்றும் தோன்றவில்லை. முன்னால் மண்ணெண்ணெய்க் கார், பின்னால் மண்ணெண்ணெய்க் கார், பக்கத்தில் அந்த லொறி. மழையில் புகை மேலே எழும்பாமல் றோட்டோடு படுத்துக் கிடந்தது. கண்ணாடியை இறுக்க மூடியும் உள்ளே வந்தது. என்னுடைய காரின் புகையைப் பற்றி மட்டும் அத்தனை வருடம் யோசித்திருக்கிறேன், மடையன்.

அரியாலை தாண்டவில்லை, கார் இரண்டு தரம் உதறிவிட்டு நின்றது. தடியை விட்டுப் பார்த்தேன். தாங்கி காய்ந்து கிடந்தது. இருபது மைல் பெற்றோல் பத்தாவது மைலில் முடிந்தது. பின்சீற்றில் அவள் தலையை முழங்காலில் வைத்திருந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

"இறக்கும் மச்சான்" என்றார் மைத்துனர். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளைத் தூக்கிக் கரியரில் இருத்தினோம். சரியாமல் இருக்க ஒரு சேலையால் தமையனோடு சேர்த்துக் கட்டினேன், மேலே பொலித்தீனைப் போர்த்தேன். 'போட்டு வாறன்' என்று சொல்ல அவளுக்கு மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நானும் கூட ஓடியிருக்கவேண்டும். ஆனால் கார் றோட்டை மறித்துக்கொண்டு நின்றது, பின்னால் நின்றவர்கள் என்னைப் பிடித்து நிறுத்திக் கத்தினார்கள். முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதை வயலுக்குள் தள்ளினோம். சேற்றில் மட்கார்டுவரை இறங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது சைக்கிள் சனத்துக்குள் மறைந்துவிட்டிருந்தது.

நான் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ச் சேர்ந்தது அடுத்தநாள் மத்தியானம். விறாந்தை முழுக்கச் சனம். மைத்துனர் ஒரு தூணடியில் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலமை ஆறு மணிக்காம்.

பக்கத்தில் இருந்தேன். ஐயோ என்று கத்தினேனோ இல்லையோ, நினைவில்லை. பிறகு அவர் கதைத்தார்.

"பாலத்தடியிலை ஒருக்காக் கொஞ்சம் தெளிஞ்சு கதைச்சவள். றோட்டுப் புகை பேந்துதானாம் மச்சான். காருக்குள்ளை ஏறின உடனேயே முட்டத் தொடங்கிட்டுதாம். இவ்வளவு வரியமும் அதுக்குள்ளை மண்ணெண்ணெய்க் கான் ஏத்தினனீர் எல்லோ, சீற் முழுக்க ஊறிப்போய்க் கிடந்ததாம். பேந்து ஏன் நல்லா இருக்கெண்டு சொன்னனீ எண்டு கேட்டன். 'அவர் பாத்துப் பாத்துச் சேத்தது அண்ணை, எப்பிடிச் சொல்லுறது' எண்டாள்."

அவளுக்கு என்மேல் எவ்வளவு அன்பு என்று காட்டி என்னைத் தேற்றத்தான் அவர் அதைச் சொன்னார். நல்ல மனிதர், ஒரு நாளும் என்னை நோகச் சொன்னதில்லை.

"ஏறின உடனேயோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.