பழம் தின்னாத பழக்காரி

ஓசூர்ச் சந்தையில் மாதம்மாளின் வாழைப்பழத்தை ஒருவரும் குறை சொன்னதில்லை. பாரூரிலிருந்து காய்த்தாராக வாங்கி வந்து, வீட்டு மண் அறையில் அடுக்கி, புகை போட்டுத் தானே பழுக்க வைப்பாள். புருஷன் இறந்தபின் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அதுதான் சோறு.

ஆனால் பழம் அவளுக்கு ஆகாது. வாழைக்காய்ப் பொரியல் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுவாள். அதே தார் பழுத்துவிட்டால் நாக்கு அரிக்கும், உதடு தடிக்கும். வைத்திருந்து கறுத்த பழமென்றால் தொண்டையே அடைக்கும். "சில உடம்புக்குச் சேராது, தின்னாதே" என்றுதான் ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்.

அந்த வருஷம் தேர்த் திருவிழா நெருங்கும்போது, கேஸ் விளக்குக்குப் போடும் கார்பைடு கல்லை வைத்து யாரோ பழுக்க வைக்கிறார்கள் என்று புரளி கிளம்பியது. வாங்க வந்தவர்களெல்லாம், "முதல்ல நீ தின்னு காட்டு" என்றார்கள். மற்ற பழக்காரிகள் தின்று காட்டினார்கள்.

மொத்தமாக வாங்க வந்த ராஜப்பன் மாதம்மாளிடமும் கேட்டார்.

"எனக்குச் சேராதுண்ணா."

"உனக்குச் சேராத சரக்கை எங்க தலையில கட்டறியா?"

பக்கத்துக் கடை சரோஜம்மாள் சிரித்தாள். "காலையிலருந்து தின்னு தின்னு என் வயிறே தாராத் தொங்குது. நீ ஒண்ணு தின்னா என்னக்கா?"

நான் முன்னால் போனேன். எங்கள் தெருவிலேயே முதல் பி.எஸ்ஸி. நான், மாதம்மாளும் எங்கள் தெருதான். காய்க்கும் கனிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிச் சொன்னேன். ராஜப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"படிச்சவர் சொன்னா சரிதான் சார். ஒரே ஒரு பழம் தின்னச் சொல்லுங்க."

இன்னும் ஒரு நாள் போனால் அத்தனையும் அழுகிவிடும். நான் தடுப்பதற்குள் மாதம்மாள் ஒரு பழத்தை உரித்து முழுசாகத் தின்றாள். "போதுமா?" என்றாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. கண் இடுங்கியது. மூச்சு விசிலடித்தது.

"கல்லு வெச்ச பழம்தான்!" என்று கூட்டம் கத்தியது. சீப்புகளை மிதித்துத் தள்ளினார்கள். அவளை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளிடம் ஒருவரும் ஒரு சீப்புகூட வாங்கவில்லை. மூத்தவளைப் பெங்களூரில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, ஜூஜுவாடிப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போகிறாள். போன மாதம் அங்கே பார்த்து, சப் கலெக்டருக்கு மனு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதுவ தம்பி? நான் தின்னதை ஊரே பாத்துச்சே" என்றாள்.