வாசலில் நின்ற நற்கருணை

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். சுலபத்தில் யாருக்கும் பயப்பட மாட்டேன். ஊசியோடு நான் வந்து நின்றால் மிராசுதாரரும் கையை நீட்டத்தான் வேண்டும். ஆனால் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியை எங்கள் பங்கு ஃபாதர் என்னிடம் கொடுத்தபோது கொஞ்சம் உதறல் எடுத்தது உண்மை.

அதுவரை அதைச் செய்தவர்கள் எல்லாரும் கோயில் தெரு ஆண்கள். நான் கீழத்தெரு. என் அம்மா கோயில் தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு என்னைப் படிக்க வைத்தவள். பூசையில் எல்லாரும் ஆண்டவரின் உடலென்று ஒரே அப்பத்தைத்தான் வாங்குகிறோம்; அதுதான் நற்கருணை. வெளியே வந்ததும் அவரவர் தெரு அவரவருக்கு.

"பயமா இருக்காம்மா?" என்று ஃபாதர் கேட்டார்.

"இருக்கு ஃபாதர். ஆனா போவேன்."

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் மாட்டி, ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் சின்ன மணியை ஆட்டியபடி நடக்க வேண்டும். வழியில் யாரோடும் பேசக் கூடாது. மணிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் இன்றும் எதிரில் வருகிறவர்கள் முழங்காலில் நிற்பார்கள். பைக்கை ஓரங்கட்டி, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுத் தார் ரோட்டிலேயே மண்டியிடுவார்கள். வாயாடியான எனக்குப் பேசாமல் நடப்பதுதான் பெரிய தவம்.

அன்றைக்குக் கடைசி வீடு கோயில் தெருவில் இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம். வழக்கமாக அங்கே நற்கருணை கொண்டுபோனவர் தன் மகனோடு சென்னைக்குப் போய்விட்டதால் மூன்று மாதமாக யாரும் போகவில்லை. "வாங்காமலே போயிடுவேனோ" என்று அந்த அம்மா அழுகிறாராம். விழுங்கும் சக்தி குறைந்துகொண்டே வருகிறது என்றும் கேள்விப்பட்டேன். அடுத்த முதல் வெள்ளிவரை தாங்காது என்று நர்ஸான எனக்குத் தெரியாதா?

மணிச் சத்தம் கேட்டு அந்த அம்மாவின் மகன் வாசலுக்கு வந்தார். பழக்கதோஷம், சட்டென்று முழங்காலிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்து, சிமிழ் யார் கழுத்தில் தொங்குகிறது என்று பார்த்தார். முகம் மாறியது. ஆனால் எழுந்திருக்க முடியாதே, எதிரில் நற்கருணை. முழங்காலில் நின்றபடியே மெதுவாகச் சொன்னார்:

"நீங்க கொல்லைப் பக்கமா வந்துடுங்க நர்சம்மா. அம்மா கட்டில் அங்கதான் கிடக்கு."

நாற்பது வருடம் என் அம்மா போய்வந்தது அந்தக் கொல்லை வழியாகத்தான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது.

"எனக்குக் கொல்லை வழி பழக்கம்தாங்க. ஆண்டவருக்குப் பழக்கமில்ல."

"அதுக்கில்லீங்க, தெருவுல நாலு பேரு..." என்று இழுத்தார்.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. மணியை ஆட்டினேன். விடாமல் ஆட்டினேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அந்த நாலு பேரும் வந்து, என்ன ஏதென்று தெரியாமல் வரிசையாக மண்டியிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வேறு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உள்ளிருந்து ஒரு குழறிய குரல் கேட்டது. "எவ்வளவு நேரம்டா ஆண்டவர வெயில்ல நிக்க வைப்ப?"

மகன் முழங்காலாலேயே நகர்ந்து வழிவிட்டார்.

அப்பத்தில் ஒரு துணுக்கைக் கரண்டியில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அந்த அம்மாவின் நாக்கில் வைத்தேன். இறங்கியது. "ஆமென்" என்று சொன்னபோது அவர் கண்ணில் நீர். கொஞ்ச நேரம் கழித்து, "நீ யாரு மவம்மா?" என்று கேட்டார். என் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"எங்க வயல்ல நட்டவளாச்சே. ஒரு நாளும் உள்ள வான்னு சொன்னதில்லையே நான்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. "ஆமா, சொன்னதில்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் என் அம்மாவிடம் சொன்னேன். மகள் என்ன போடு போட்டாள் என்று மெச்சுவாள் என எதிர்பார்த்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தொண்டையில எறங்குதா?"

"கஞ்சிப் பதத்துல குடுத்தா எறங்கும்."

முட்டிவலியோடு எழுந்துபோய் நொய்யை வறுத்தாள். கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்கம்மா அவங்க."

"குடிக்கலன்னா தூக்கிட்டு வந்துடுவோம். அதுக்குன்னு காய்ச்சாம இருக்கறதா? ஆட்டோவக் கூப்புடு."

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் நான் ஆண்டவரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அதட்டினேன். அம்மா தூக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மகன் எங்களைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், ஒதுங்கினார். அம்மா நேரே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு, ஊதி ஊதி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தாள். நாலைந்து கரண்டி இறங்கியதும், "போதும்மா, புரையேறிடும்" என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, தாயி."

அம்மா ஊற்றினாள்.