விஜயதசமியன்று மூன்று மணிக்கு

என் வீட்டுக்காரருக்கு ஒரு காரியத்தைக் கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கமே கிடையாது. சிங்கப்பூரில் இந்த ஈசூன் வீட்டுக்குக் குடிவந்த வாரம், நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் படுக்கையறைச் சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு வைத்திருந்தார். "எதுக்குங்க?" என்றேன். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறேன். ஓட்டைகள் இன்னும் சும்மாதான் இருக்கின்றன.

அதனால், அந்த விஜயதசமி காலையில் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தபோது நான் பயந்ததற்குக் கம்ப்யூட்டர் மட்டும் காரணமில்லை. பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கென்று அவருக்கு லீவு.

நான் கணக்குப் பிரிவில் இருந்த கம்பெனி ஆள்குறைப்பில் என்னை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன நேரத்தில் ஒரே ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. வெறும் பேச்சோடு விடமாட்டார்களாம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் திரையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அது கைப்பேசியில் நடக்காது. மகளின் லேப்டாப் மகளோடு பல்கலைக்கழக விடுதியில் இருந்தது. வீட்டில் இருந்தது ஹால் மூலையில், சாமி அலமாரிக்குக் கீழே நிற்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றுதான்.

முந்தின நாள் ஆயுதபூஜை. அரிவாள்மணை, தையல் மெஷின், டிரில் மெஷின் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தவர், கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பிலும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். "ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கிறேங்க" என்றேன். "இன்னிக்குத் தொடக்கூடாது லா. நாளைக்குத் தொட்டதெல்லாம் ஜெயிக்கும், பாரு" என்றார். நல்ல நாளில்தானே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. தொடாமல் விட்டுவிட்டேன்.

காலையில் தொட்டேன். விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி சுற்றியது, திரையில் எதுவும் வருவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். அதே கதைதான்.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தலையில் ஷாம்பூவோடு ஓடி வந்தார்.

பிறகு ஆரம்பித்தது அமர்க்களம். கைப்பேசியில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றினார். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து உள்ளே பிசுக்கென்று அப்பியிருந்தது. "இதான் ப்ராப்ளம்!" பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். போட்டோம். அணைந்தது.

"அப்ப மெமரிதான்." பச்சைப் பட்டையாக இருந்த ஒன்றைப் பிடுங்கப் போனார். "முதல்ல இரும்பைத் தொடுங்க! கையில இருக்கிற கரண்டு அதைக் கெடுத்துடும்னு இப்பதானே வீடியோவுல அவன் சொன்னான்?" என்று கத்தினேன். தொட்டுவிட்டுப் பிடுங்கினார். மகளுடைய அழிரப்பரால் அதன் பொன்னிற விளிம்பைத் தேய்த்து, திரும்ப அழுத்திச் செருகினார். போட்டோம். அணைந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். அதற்கும் அணைந்தது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

"உள்ள கரண்டு கொடுக்கிற பவர் சப்ளை போச்சு. வேற தேதி கேளேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அம்பது வயசு ஆகப்போகுது, எட்டு மாசமா வேலை இல்ல, இதுல வீட்டுல கம்ப்யூட்டரும் ஓடலன்னு சொல்லச் சொல்றீங்களா? அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?"

சட்டையை எடுத்து மாட்டினார். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்று அவருக்குத் தெரியும். சாப்பிடாமலே போனார்.

இரண்டு மணிக்கு நான் மேலே இன்டர்வியூவுக்கான சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக, வயிறு திறந்து கிடந்த அந்தப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. "வாங்கிட்டேன். டிரெயின் வரல லா, பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம்" என்றார். வைத்துவிட்டேன். பயமாக இருந்தது. சாப்பாட்டுக்கு அவர் சம்பளம் போதும். ஆனால் எட்டு மாதமாகக் காலையில் அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். எனக்குப் போக ஓர் இடம் வேண்டும். அது இன்னும் ஒரு மணி நேரத்தில் கைவிட்டுப் போய்விடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. எப்போதும் விரலை எடுத்ததும் 'டொக்'கென்று வெளியே வரும் பொத்தான் வரவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தது. எல்லாம் அணைந்த பிறகுதான் மெதுவாக, சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தது.

குனிந்து பார்த்தேன். பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு முழுக்கச் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அடப்பாவி மனுஷா! பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்பது எனக்கே தெரியும். காலையிலிருந்து அது கெட்டுப்போகவே இல்லை. அணையச் சொன்னதால் அணைந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓர் ஊக்கை எடுத்துச் சுரண்டினேன். சந்தனத் தூள் டிஷ்யூவில் உதிர்ந்தது. ஊதினேன், சுரண்டினேன், பட்டும் படாமலும் ஈரத்துணியால் துடைத்தேன். கீழே பாவாடையை மாற்ற நேரமில்லை. பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். டொக்.

திரை வெளிச்சமாகி நின்றது. அது அணையவில்லை என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று மணிக்கு இரண்டு பேர் திரையில் வந்தார்கள். மூடி இல்லாத பெட்டி காலடியில் உறுமிக்கொண்டிருக்க, அவர்கள் கொடுத்த கணக்கைப் போட்டேன். பாதியில், திரை ஓரத்தில் தெரிந்த என் சின்னப் படத்தில், எனக்குப் பின்னால் வாசல் கம்பிக்கதவில் ஒரு தலை தெரிந்தது. தெரிந்த வேகத்தில் குனிந்து மறைந்தது. அவர்கள் விடைபெறும்வரை மறுபடி நிமிரவில்லை.

முடிந்ததும் போய்க் கதவைத் திறந்தேன். நடைபாதையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், வாங்கி வந்த பவர் சப்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. "உள்ள வந்தா காமிராவுல தெரிவேன்ல" என்றார். மதியம் முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"எப்படி ஓடுச்சு?" என்று கேட்டபடி உள்ளே வந்தவர் டிஷ்யூவைப் பார்த்தார். ஊக்கைப் பார்த்தார். பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உனக்கு நல்லா நடக்கணும்னுதான் அழுத்தி வச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. "சாப்பிட வாங்க முதல்ல" என்றேன்.

வேலை கிடைத்தது. அந்த பவர் சப்ளை பிரிக்கப்படாமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

அடுத்த ஆயுதபூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வராமல் சந்தனக் கிண்ணத்தை மூடினார். "ஏங்க, அதுக்கும் வைங்க" என்றேன். விரலில் சந்தனத்தோடு அதன் முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு திரும்பி, "எங்க வைக்கட்டும்?" என்று என்னைக் கேட்டார்.