முதலாளி வீட்டுப் பியானோ

பனியன் ஊரில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இரண்டு காது போதாது. வாய் ஒன்றே அதிகம். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

என் வீட்டுக்காரருக்கு மண்ணரையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. குடியிருப்பது கம்பெனி வீடு. முதலாளியின் மகளுக்குத்தான் நான் டீச்சர். அவள் விரல் தடுமாறினால், கைக்குழந்தையோடு எங்கள் குடும்பமே தடுமாறும். கான்வென்டில் சிஸ்டர்கள் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது, காதலும் காசநோயும் கண்ணீருமாக ஐரோப்பாவில் ஆட்கள் எழுதிய அந்தக் காலத்து இசை. அவர்கள் பெயர் முதலாளி வீட்டில் ஒருவர் நினைவிலும் நிற்காது. நாட்டையும் நோயையும் சொல்லித்தான் அடையாளம் காட்டுவேன்.

ஸ்டாப்வாட்ச்

இருமி இருமியே செத்த போலந்துக்காரரின் நடன இசை ஒன்று. உருக்கமான இடத்தில் கொஞ்சம் இழுத்து, பிறகு ஓடிப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்து இசைக்கு அதுதான் அழகு. தையல் லைனில் நேரம் குறிக்கிற ஸ்டாப்வாட்சோடு முதலாளி சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

"போன வாரம் நாலு நிமிஷம், இன்னைக்கு நாலே கால். ஏனுங்க டீச்சர், பழகப் பழகக் கொறையோணுமில்லீங்க?"

மனசு நிற்கச் சொல்லும் இடத்தில் கை நிற்கலாம் என்று சொன்னேன்.

"மனசு சொன்னா நிக்கலாமுங்களா? சாமி, இதை என்ற டெய்லருங்க காதுல போட்றாதீங்க."

தீர்ப்பு

ஜெர்மன்காரர் ஒருவர் தன் பியானோ வாத்தியாரின் மகளையே விரும்பினார். அப்பா மறுத்தார். இருவரும் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் பாட்டாக எழுதிக் குவித்தார். முதலாளியம்மா காபியோடு கதவருகே நிற்பதைக் கவனிக்காமல் மகளிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். குரலில் அத்தனை மரியாதை. இந்த ஊரில் மரியாதை கூடும்போதுதான் பயப்பட வேண்டும்.

"கதை நல்லா இருந்துச்சுங்க. அடுத்த வாட்டி தீர்ப்ப மட்டும் அப்பன் பக்கமா மாத்திச் சொல்லிருங்க டீச்சர்."

மெதுவாக

இடி இடித்துவிட்டுத் திடீரென்று மூச்சுவிடும் சத்தத்துக்கு இறங்குவது இந்த ஐரோப்பாக்காரர்கள் வழக்கம். இறங்கிய இடத்தில் முதலாளி எழுந்துபோய் ஃபேனை நிறுத்திப் பார்த்தார், ஏசியை நிறுத்திப் பார்த்தார், பிறகு மகளிடம் திரும்பினார்.

"கேக்காத எடத்துக்கும் சேத்தியா கண்ணு நான் பியானோ வாங்குனேன்?"

திறப்பு விழா

குண்டடம் பக்கம் புது யூனிட். "நான் மாலையோட நடந்து வரைல பாப்பா வாசிக்கோணும்" என்று முதலாளி தாமே ஒரு இசையைத் தேர்ந்தெடுத்திருந்தார்.  அதே இருமல்காரர் எழுதியது. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது வாசிப்பது.

"ஏட்டி, நீ வாயத் தொறந்துராத. வேலை போச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவோம்?" என்றார் வீட்டுக்காரர். சொன்னால் அபசகுனம் பேசியவள்; சொல்லாமல் யாராவது கண்டுபிடித்தால் அவமானப்படுத்தியவள். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன்.



"இது சாவுப் பாட்டுன்னு இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தன பேருக்குத் தெரியுமுங்க?"

"எனக்கு மட்டுந்தாங்க."

"அப்ப நீங்க சொல்லாட்டி யாருக்குமே தெரியாதுல்லீங்க?"

மறுநாள் பாப்பா ஒரு பிழையில்லாமல் வாசித்தாள். முதலாளி மாலையோடு நுழைந்தார். அவரும் நானும் மறந்துபோன ஆள் முன்வரிசையில் இருந்தார்: ஐரோப்பாவிலிருந்து வந்த, கம்பெனிச் சட்டைகளை வாங்குகிற பையர். இரண்டாவது வரியில் அவர் முகம் மாறியது. எழுந்தார், கைகளை முன்னால் கோத்துத் தலை குனிந்தார். பையரே எழுந்துவிட்டார் என்று மேனேஜர்கள் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்தார். டெய்லர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் பையர் என் கையைப் பிடித்து, ஆழ்ந்த இரங்கல் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தேங்க் யூ என்று சொல்லிவைத்தேன். அதற்குள் முதலாளி மாலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்! இத்தன வருஷம் சட்டை தெச்சுக் குடுத்தனுங்க, ஒரு நாள் எந்திரிச்சானா?"

ஊரைக் கூட்டி உண்மையைச் சத்தமாக வாசிக்கவைத்துவிட்டு, அது ஊரில் ஒருத்தருக்கும் புரியாததற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் உத்தியோகம் எனக்குத் தெரிந்து இந்த டீச்சர் வேலை ஒன்றுதான்.