மூலையில் ஒரு சுவாமி

காப்பிக் கொட்டையை மார்ஜரினும் சர்க்கரையும் போட்டு வறுக்கும் வாடை எங்கள் சந்துக்குள் நுழையும்போதெல்லாம் என் நாக்கில் வேறொரு மொழி ஊறும். ஈப்போக் காற்று அந்த வாடையை எங்கிருந்து தூக்கி வருகிறதோ தெரியாது, என்னிடம் வந்து சேரும்போது அதில் பாதி கருகல், பாதி கண்டோனீஸ் சீனம். அம்மா ஒரு காப்பிக் கடையின் பின்கட்டில் மங்கு, தட்டு கழுவினாள். நான் நுரைத் தண்ணீருக்கும் கடைப் பூனைக்கும் நடுவில் குந்தியிருந்து, தலைக்கு மேல் பறந்த சொற்களை எட்டிப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஈரத்தில் பாசி பிடிப்பதுபோல் அந்த மொழி என்மேல் பிடித்துக்கொண்டது.

நடு வயதுக்கு வந்து, தமிழில் கவிதை எழுதிக்கொண்டிருந்த என்னிடம் அந்த நாக்கை ஒரு பெண் இரவல் கேட்டாள்.

சந்தையில் தௌகே, அதாவது முளைப்பயறு, வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்த் தௌகே குட்டையாக, கொழுகொழுவென்று இருக்கும். அதன்மேல் படிந்த தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறாளே என்று விற்பவளோடு கண்டோனீஸில் ஒரு செல்லச் சண்டை. முதுகுப் பக்கம் யாரோ அசையாமல் நிற்பது தெரிந்து திரும்பினேன். மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடுவதுபோல் சட்டையை முன்பின் மாற்றிப் போட்ட இளம்பெண், கையிடுக்கில் ஹெல்மெட், கண் இரண்டும் மூடியிருந்தன.

"அக்கா, நீங்க தமிழாளா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"பின்ன? பார்த்தா தெரியலையா?"

"பார்த்தா தெரியும். அதான் மூடிட்டுக் கேட்டேன். சுத்தமாத் தெரியல லா!"

பசியாற உட்கார்ந்தபோது தன் வேலையைச் சொன்னாள். பகலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டெழுத்து. சாயங்காலங்களில் அவளும் சில தோழிகளும் வீடு கிடைக்காத பெண்களுக்காக அலைகிறார்கள். 'இந்தியர் வேண்டாம்' என்று சிலர் விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். போடாதவர்கள் குரலைக் கேட்டதும் போட்டுக்கொள்கிறார்கள். அந்த இரண்டாம் வகையைத்தான் அவள் பிடிக்க நினைத்தாள். முதலில் அவள் மலாயில் கூப்பிடுவாள். மறுப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணுக்கு நான் கண்டோனீஸில் கூப்பிட வேண்டும். இரண்டையும் பதிவுசெய்து, ஆள் அடையாளத்தை நீக்கிவிட்டு, ஒரு மண்டபத்தில் ஊராருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நாம் மிகைப்படுத்துகிறோம் என்கிறவர்கள் வந்து கேட்கட்டும்.

"அந்தச் சீனத்திங்ககிட்ட நான் என்ன பேசணும்?" என்றேன்.

"மொதல்ல சீனத்தின்னு சொல்றத விடுங்கக்கா. நம்ம வாய்லயும் கொஞ்சம் அழுக்கு இருக்கு."

என் மகள் வயதுதான் இருக்கும். சுருக்கென்றது. பிடித்தும் இருந்தது.

அந்த மழைக்காலச் சாயங்காலங்களை இப்போது நினைத்தால் கனவில் நடந்ததுபோல் இருக்கிறது. என் அடுப்படி மேசையில் கைப்பேசி வெளிச்சமாகக் கிடக்கும். அவள் பேசுவாள். "பங்சா அப்பா?" என்று இனம் கேட்கும் மறுமுனை. சொல்வாள். வீடு மறைந்துவிடும், நேற்றே ஆள் வந்தாச்சு, மன்னிக்கணும் என்று. நாங்கள் தேநீர் குடிப்போம். பிறகு நான் பேசுவேன். மறைந்த வீடு மழைக்குள்ளிருந்து திரும்ப முளைக்கும், இரண்டு அறையும் பின்னால் துணி காயப்போட இடமுமாக. சாப்பிட்டாயா என்று அன்போடு விசாரிக்கும். என் குரலுக்கு மட்டும் கதவு திறந்து, என் உடம்பு வாசலிலேயே நிற்கும். தூக்கத்தில் அந்த வீடுகளுக்குள் நடந்து திரிந்தேன். ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்துவிடுமோ என்று குனிந்தே நடந்தேன்.

புந்தோங்கில் ஒரு வீடு நம்மவருடையது. அதற்கு என் கண்டோனீஸ் தேவைப்படவில்லை. அவளே தமிழில் பேசினாள்.

"குடும்பமா?" என்றது ஆண் குரல்.

"அம்மாவும் மகளும், அண்ணே."

"வீட்டுல ஆம்பள யாரு?"

"இல்லண்ணே. ரெண்டு பேருதான்."

"ஆம்பள இல்லாத வீட்ட வச்சிக்கிட்டு நான் ஊருக்குப் பதில் சொல்ல முடியாதும்மா."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா, ஒரு கதவுல எனம் காவல். அடுத்த கதவுல ஆம்பள காவல்."

அந்த அம்மாவும் மகளும் சுங்கை சிப்புட் பக்கத்தில் விற்றுப்போன ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் செம்பனை. எப்படியோ வெட்டுக்குத் தப்பிய சில ரப்பர் மரங்கள், பழைய கத்தித் தழும்புகளோடு, கூப்பிட்டால் வந்துவிடும்போல் நின்றன. தொழிலாளர் லயத்தில் கடைசியாக எஞ்சிய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. தீபாவளிக்கு முன்னால் காலி செய்ய வேண்டும், இயந்திரம் வந்து இடிக்கும்.

அம்மாவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கையுறைத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. கணவன் போய் வருடங்களாகின்றன. மகள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிறாள். கதவுக்குப் பின்னால் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீடு கெடைக்கலன்னா இவள தெலுக் இந்தான்ல எங்கண்ணன் வீட்டுக்குத்தான் அனுப்பணும்," என்றார் அம்மா. "அங்க போனா படிப்பு எங்க? அண்ணன் புள்ளைங்களுக்குச் சோறாக்கிப் போடுறதுதான். எனக்கும் அதான் நடந்துச்சு. நான் போயி, பள்ளிக்கூடம் திரும்பவே இல்ல."

திரும்பி வரும்போது மோட்டார் இரைச்சலுக்கு மேல் அவள் கத்தினாள். "அக்கா, பதிவெல்லாம் அப்புறம். மொதல்ல இவங்களுக்கு ஒரு வீடு!"

ஆனாலும் அடுத்த அழைப்பின்போது பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாசிர் பிஞ்சியில் தனியாக இருக்கும் ஒரு கிழவி, வீட்டின் பின்பாதியை வாடகைக்கு விடுகிறார். எங்கள் பெண் மலாயில் கூப்பிட்டு மறுப்பு வாங்கியாகிவிட்டது. நான் கூப்பிட்டேன். கிழவிக்கு என் குரல் பிடித்துவிட்டது. மழையைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி, கோழி விலையைப் பற்றிப் பேசினார். பிறகு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, நம்ம ஆளா வந்தே. முன்னாடி ஒரு கட்லிங் கூப்பிட்டா."

கட்லிங். மலாயில் நம்மைக் கெலிங் என்று ஏசுகிற சொல்தான், கண்டோனீஸ் வாயில் இப்படி ஆகும். காப்பிக் கடையில் என்னை 'கட்லிங் குட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போகும்வரை அது எனக்கு வைத்த செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பேன். ஒரு பன் கிடைக்கும்.

இப்போதும் ஓடிப்போய் நின்றேன்.

"நானும் கட்லிங்தான், ஆண்ட்டி," என்றது என் வாய், நல்ல கண்டோனீஸில்.

எதிரில் அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பதிவை நிறுத்தினாள்.

"பொய்," என்றார் கிழவி. "கட்லிங் இப்படிப் பேச மாட்டாங்க."

"வந்து காட்டட்டுமா?"

"வாயேன். நானும் பார்க்கிறேன்."

"வீடு எனக்கில்லை. ஓர் அம்மாவுக்கும் மகளுக்கும். அவங்களும் கட்லிங்தான்."

"பார்க்கத்தானே. எல்லாரும் வாங்க."

வைத்ததும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! கையில இருந்த சாட்சி போச்சு! ஒரு நிமிசம் பல்லக் கடிச்சிருக்கக் கூடாதா?"

"வாய்ல வந்துருச்சு."

"கவிதை எழுதுறவங்கள வேலைக்குச் சேத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

மறுநாள் சாயங்காலம் நால்வரும் அந்தக் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்றோம். வேலைச் சீருடையை மாற்ற அம்மாவுக்கு நேரமில்லை. கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, "அட, ஆமா," என்றார், ஏமாந்தவர்போல. உள்ளே விட்டார். வீட்டுக்குள் ஊதுவத்திப் புகையும் காய்ந்த மீன் வாடையும் மிதந்தன. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிழவி மலாயில் கேட்டார். "சுவாமி மனா?"

கணவன் எங்கே என்ற கேள்வி. மலாயில் கணவனுக்கு அதுதான் சொல். அம்மாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் முந்தைய வீட்டுக்காரர்கள் எல்லாம் சாமிப் படம், சாம்பிராணி, புகை என்றுதான் கேட்டுத் துரத்தியிருக்கிறார்கள். பயத்தில் அவருக்குத் தமிழ்க் காதுதான் கேட்டது.

"சின்னதுதான் ஆண்ட்டி," என்றார் மலாயில், அவசர அவசரமாக. "மூலையில வச்சிக்குவேன். ஒரே ஒரு விளக்கு. சத்தமே இருக்காது."

கிழவி கண்ணைச் சுருக்கினார். "சின்னதா? மூலையிலயா?"

"ஆமா. வெள்ளிக்கிழம மட்டும் தொடச்சிப் பூ வைப்பேன்."

மகள்தான் முதலில் பிடித்தாள். "ம்மா! அப்பாவக் கேக்கறாங்கம்மா!"

என்ன நடந்தது என்று நான் கண்டோனீஸில் சொன்னேன். கிழவி முதலில் வாயை மூடிக்கொண்டார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துச் சுவர் மூலையைக் காட்டினார். சிவப்பு விளக்குக்குப் பின்னால் ஓர் ஆணின் படம், முன்னால் ஓர் ஆரஞ்சுப் பழம்.

"என் சுவாமியும் அங்கதான். சின்னதுதான். சத்தமே இல்ல," என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

ஹெல்மெட்டோடு நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. தமிழில் என்னிடம் முணுமுணுத்தாள். "ஆம்பள ஒருத்தன் வந்து நின்னா, பொண்டாட்டி எங்கன்னு கேப்பாங்களா அக்கா?"

"என்ன சொல்றா?" என்றார் கிழவி.

மொழிபெயர்த்தேன். பூசாமல், அப்படியே. கிழவி அவளையே பார்த்தார். "கேட்க மாட்டேன்," என்றார் கடைசியில். "அவனுக்கு விடவும் மாட்டேன். ஆம்பள குடிப்பான்."

"இதுவும் தப்புதான்," என்றாள் அவள். என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பேரம். கறி தினமும் கொதிக்கக் கூடாது என்றார் கிழவி. நீங்கள் மீன் காயப்போடும் நாளில் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோமே, நாங்கள் கறி வைக்கும் நாளில் நீங்கள் சாத்திக்கொள்ளுங்கள் என்றார் அம்மா. குரலில் முன்பிருந்த அவசரம் இல்லை. அவள் வாய் திறக்கப் போனபோது அம்மா அவள் முழங்கையைத் தொட்டார், நானே பேசிக்கொள்கிறேன் என்பதுபோல். கிழவி யோசித்தார். மகளிடம் எந்தப் பள்ளி என்று கேட்டார். சாவி கை மாறியது.

வெளியே வந்து மோட்டார் பக்கத்தில் நின்றோம். சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "இவங்க ஒருத்தர் மனசு எளகுனதால கெடச்சிச்சு. எளகலன்னா? அடுத்தவங்களுக்கு? அக்கா, இது ஜெயிப்பா?"

தூரத்துச் சுண்ணாம்பு மலைகளின்மேல் மேகம் இறங்கி, மலை எது மழை எது என்று தெரியாமல் நின்றது. மகள் பின்கட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பது கேட்டது. அம்மா, சாமான் எடுக்க எங்களோடு வருகிறேன் என்று கம்பிக் கதவுக்கு இப்பால் வந்துவிட்டார். அவள் என்னையும் அம்மாவையும் அக்கா, அக்கா என்று கூப்பிட்டதைக் கிழவி கேட்டிருக்க வேண்டும். அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்போல. நாங்கள் நகர்ந்ததும் உள்ளிருந்து கத்தினார், நானும் அம்மாவும் சேர்ந்தே திரும்பினோம்.

"அக்கா! குப்ப வண்டி செவ்வாக்கிழம வரும், மறந்துடாத!"