கல்லூரிக்கே பரீட்சை வைத்த நாள்: ராஜபாளையம் சாலையில் ஒரு பகல்

"சார், டாக்டர் எழுதுதாரு, கம்பெனிக்காரன் செய்யுதான். நடுவுல மாத்திரை அட்டையைக் கத்தரிச்சுக் கொடுக்கவருக்கு யாரு சார் சொல்லிக் கொடுத்தா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தபோது, பிளஸ் டூ வகுப்பில் செல்வராணி கேட்ட கேள்வி இது. மணி அடித்துவிட்டது. நாளை சொல்கிறேன் என்றேன். சொல்லவே இல்லை. உண்மையில் எனக்குத் தெரியாது.

பள்ளியை விட்டுப் போனவள் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். ஓய்வுபெற்று மதுரைக்கு வந்துவிட்ட எனக்கு, போன ஜனவரியில் அவளிடமிருந்து போன். மில் வேலையை விட்டுவிட்டு, புதிதாக வந்த மருந்தியல் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ படிக்கிறாளாம். அங்கே படிக்கும் முதல் அணியில் அவளும் ஒருத்தி. "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் சார். அனுமதி கிடைக்கலைன்னா எங்க படிப்பு செல்லாது. பயமா இருக்கு, வாங்க சார்" என்றாள்.

மாட்டுத்தாவணியில் காலை 6.10க்குப் பேருந்து. டிக்கெட் எழுபது ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது 8.15. இட்லியும் காபியும் ஐம்பத்தைந்து ரூபாய். கல்லூரி ராஜபாளையம் சாலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டவுன் பஸ்ஸும் உண்டு. நேரமாகிவிட்டதால் ஆட்டோ பிடித்தேன், நூற்றைம்பது ரூபாய்.

"காலேஜுக்கா அண்ணாச்சி? அங்க இன்னைக்குப் பெரிய ஆளுக வாராகளாம்ல" என்றார் ஆட்டோக்காரர். "ரெண்டு நாளா அந்தப் பக்கம் போனா பெயிண்ட் வாசந்தான். நீங்க அவிய ஆளா?"

"நான் வேடிக்கை பார்க்க வந்தவன்."

"அப்ப சட்டை சுவத்துல படாமப் பாத்துக்கோங்க."

வாசலில் செல்வராணி நின்றாள். வெள்ளைக் கோட்டு, கையில் ரெக்கார்டு நோட்டு. உள்ளே நடக்கும்போதே விஷயத்தை எனக்குப் புரிய வைத்தாள். கல்லூரி தொடங்க ஓர் அனுமதி. அது முன்பே வாங்கியாயிற்று. முதல் அணி படித்து முடிக்கும் தறுவாயில், இங்கே உண்மையில் பாடம் நடந்ததா என்று பார்மசி கவுன்சில் ஆள் அனுப்பிப் பார்க்கும். அது சரியென்றால்தான் படித்தவர்களின் பெயர் மருந்தாளுநர் பதிவேட்டில் ஏறும். வீடு கட்ட அனுமதி வாங்குவது வேறு, கட்டிய பிறகு குடியிருக்கலாம் என்று சான்று வாங்குவது வேறு, இல்லையா? அந்த மாதிரி.

"பேரு ஏறலைன்னா மருந்துக்கடையில வேலை பாக்கலாம் சார். பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட ஏலாது. மில்லுக்கும் இனிமே திரும்பிப் போக முடியாது" என்றாள்.

ஆய்வுக்குழுவில் இருவர். ஒருவர் கையில் டேப். அறை அறையாக அளந்தார். மற்றவர் ஐம்பது வயதுப் பேராசிரியை, நன்றாகத் தமிழ் பேசினார். ஆசிரியர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, எந்தப் பாடம், எத்தனை மணி என்று கேட்டு வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். ஓரமாக உட்கார்ந்திருந்த என்னையும் விடவில்லை.

"இவரும் ஸ்டாஃபா? இல்ல, எங்களுக்குக் காட்ட இன்னைக்கு மட்டும் வந்தவரா?"

"இன்றைக்கு மட்டும் வந்தவன்தான் அம்மா, ஆனால் ஸ்டாஃப் இல்லை" என்றேன். முதல்வருக்கு வியர்த்துவிட்டது. செல்வராணி எழுந்து நான் யாரென்று சொன்னாள். அம்மையார் சிரித்துவிட்டு, "இருங்க சார், பாருங்க" என்றார்.

மூலிகைத் தோட்டத்தில் பெயர்ப் பலகைகளைக் கையால் மறைத்துக்கொண்டு செடியின் பெயர் கேட்டார். நூலகத்தில் ஒரு புத்தகத்தை உருவி, கடைசியாக யார் எடுத்தார்கள் என்று பார்த்தார். நாற்பது பைசா மாத்திரைக்குப் பின்னால் இத்தனை கண்களா என்று எனக்குச் சிலிர்த்தது.

பதினொன்றரைக்கு ஆய்வகம். அங்கேதான் சிக்கல்.

எல்லாம் பளபளத்தன. கழுவு தொட்டியில் ஒரு கறை இல்லை. கரைசலைத் துளித் துளியாக விட்டு அளக்கும் நீளக் கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒன்றை அம்மையார் தூக்கினார். கடைக்காரர் ஒட்டிய சீட்டு அதில் அப்படியே இருந்தது.

"ரெண்டு வருஷம் இதுலயா டைட்ரேஷன் பண்ணீங்க? இந்த லேப்ல யாராவது படிச்சாங்களா, இல்ல இன்னைக்குக் காட்டுறதுக்கு வாங்கி வச்சதா?"

அவர் பேனாவைத் திறந்ததைப் பார்த்தேன். செல்வராணி கோட்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உடைஞ்ச பொருளுக்கு ஒரு பதிவேடு இருக்கணுமே. எங்க?"

ஆய்வக உதவியாளர் மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "அது வந்து மேடம்… கிழிஞ்சு, ஆசிட் பட்டு அசிங்கமா இருந்துச்சு. பழைய சாமானோட சேத்து ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டேன். பெரியவுக வாரீகன்னு எல்லாம் புதுசா வச்சோம்."

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நசுங்கிய பாத்திரத்தையெல்லாம் பரணில் ஏற்றிவிடுவோமே, அதே மரியாதை. அந்த மரியாதை கல்லூரியையே கவிழ்க்கப் பார்த்தது.

"போய் எடுத்துட்டு வாங்க."

ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறைய நுனி போன பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழல்கள், பழைய பியூரெட், கறை ஏறிய குடுவை. மேலே ஒரு நீள நோட்டு, அட்டையில் அமிலம் பட்ட ஓட்டை. அம்மையார் சத்தமாக வாசித்தார். "செல்வராணி, பிப்பெட். செல்வராணி, பீக்கர். செல்வராணி, திரும்ப பிப்பெட். யாரும்மா இது?"

"நாந்தான் மேடம்."

"ஏட்டி, ஒன் பேரு இல்லாத பக்கமே இல்லையேட்டி" என்று பின்னாலிருந்து ஒரு தோழி முணுமுணுக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"முதல் ஆறு மாசத்துல பதினோரு தடவை. கடைசி ஆறு மாசத்துல ஒண்ணுகூட இல்லையே?"

"மில்லுல நூலு அறுந்தா முடிச்சுப் போட்டுக்கிடலாம் மேடம். கண்ணாடி அப்படியில்ல. கொஞ்ச நாளாச்சு, இப்பக் கை பழகிருச்சு."

"அப்ப செஞ்சு காட்டு. புதுசுல வேண்டாம்."

தொட்டியிலிருந்து விளிம்பு சிதைந்த ஒரு பியூரெட்டை எடுத்து, கழுவி, கரைசலால் அலசி, நிரப்பினாள். அளவைக் கண் மட்டத்துக்கு வைத்துப் படித்தாள். இடக்கை திருகைப் பிடிக்க, வலக்கை குடுவையைச் சுழற்ற, துளித் துளியாக விட்டாள். கடைசித் துளியில் மிக மெல்லிய இளஞ்சிவப்பு வந்து நின்றது. முப்பது வருடம் இந்த நிறத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் மாணவர்களில் பாதிப்பேர் ஒரு துளி கூடுதலாக விட்டுக் குங்குமமாக்கிவிடுவார்கள். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை செய்தாள், மூன்றும் ஒத்துவந்தன.

அம்மையார் அந்த அழுக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுக்கச் சொன்னார். பிற்பகல் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாணவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவமனையைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் 4.20 பேருந்தைப் பிடித்தேன்.

மூன்று மாதம் கழித்து அனுமதி வந்தது. பரீட்சையும் எழுதித் தேறிய பிறகு ஒருநாள் போன்: "சார், பதிவேட்டுல பேரு ஏறிருச்சு சார்!" இப்போது ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் அவள்தான் மருந்தாளுநர். என் பழைய கடனான அந்தக் கேள்விக்கு அவளே பதிலாகிவிட்டாள்.

இந்தப் பக்கம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள் காலைப் பேருந்தில் வாருங்கள்; ஆய்வகம் நடக்கும் நேரத்தில் பார்க்கலாம். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், முதல் அணியின் பெயர் பதிவேட்டில் ஏறியதா என்று கேளுங்கள். கண்ணாடி உடைந்த கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை.

மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது, கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரைப் படித்து, அந்தப் பெயருக்குரியவர் கையால் மருந்தை வாங்குங்கள்.