ஏரிக்குள் இறங்கிய எலுமிச்சம்பழம்

எங்கள் பக்கத்தில் ஏரி என்றால் இடுப்பளவு, மிஞ்சிப்போனால் கழுத்தளவு. ஆழமான ஏரி வேண்டுமென்று நாயாய் அலைந்தபோது சிக்கியது, சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் யாரோ தோண்டிவிட்டுக் கைவிட்ட குழி. மழைநீர் நிரம்பி, பனைமரத்தை நிறுத்தினாலும் உச்சி தெரியாத ஆழம்.

மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் கலக்கின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. அதை அளக்கும் கருவி ஆளுயரக் குழாய். நுனியில் ஊசி, வாலில் பிரஷ் மாதிரி மயிர். கயிற்றைத் தளர விட்டால் தானாக விழுந்தபடி, தண்ணீரின் சின்ன நடுக்கத்தையும் லேப்டாப்பில் கோடாக வரையும். இரவல் கருவி. அன்று மாலையே திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்குக் கிடைப்பதுதான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம்.

கயிறு விடுகிறேன் என்ற ஆள் வரவில்லை. கடலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கிள்ளையிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்த படகில் பின்னால் அவர், முன்னால் லேப்டாப்பும் நானும்.

முதல் முறை இறக்கியதுமே கோடு துள்ளியது. அடிவரைக்கும் ஒரே கொந்தளிப்பு. அடியில் எதுவும் அசையாது என்றல்லவா எல்லோரும் எழுதியிருந்தார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சிதம்பரத்திலிருந்த என் பேராசிரியைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. வாலில் ஏதாவது மாட்டியிருக்கும், பாரம்மா என்றார்.

இழுத்துப் பார்த்தால், மயிருக்கு நடுவே கறுப்புக் கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழம், கூடவே பச்சை மிளகாய். போன வழியெல்லாம் அதுதான் கருவியை ஆட்டியிருக்கிறது.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். புது பைக்குக்கும் கடை ஷட்டருக்கும் கட்டுவதை இதற்குமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு முடிச்சை அவிழ்த்தார்.

"இத்தினி வருசமா இதுக்குத்தான தூங்காம கெடக்குற. எவன் கண்ணும் பட்டுடக் கூடாதுன்னு கட்னேன்."

மறுபடி இறக்கினோம். மேலே கொஞ்சம் துள்ளிய கோடு, கீழே போகப்போக அடங்கி, அடிவரை தட்டையாகவே போனது. எத்தனை முறை இறக்கியும் அதேதான். கலக்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் மிளகாயின் ஆட்டத்தை ஏரியின் ஆட்டமென்று எழுதித் தொலைக்காமல் தப்பித்தேனே என்று சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். ஊசி உடையாமல் லாரியில் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். அவர் பழத்தைத் தண்ணீரில் எறியக் கையை ஓங்கினார்.

"இரு மாமா," என்றேன். "பொட்டி மேல கட்டு."